இரவில் ஆட இலவச பிக்கிள்பால் கோர்ட்: எங்கே, எப்படித் தேடுவது

பிக்கிள்பால் என்பது துளையுள்ள பிளாஸ்டிக் பந்தைப் பேடில் என்னும் மட்டையால் அடித்து ஆடும், டென்னிஸ் போன்ற ஆட்டம். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் இதை ஆடக் கிளப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் பக்கத்துப் பார்க்குகளை ஒருமுறை சலித்துவிடுங்கள். வேலை முடிந்து ஆடப் போகிறவர்களுக்கு லைட் உள்ள கோர்ட்தான் உதவும். டிசம்பரில் ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடுகிறது.

முதலில் உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். தபால் முகவரியில் வரும் ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். அந்த சிட்டியின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் அதே பெயர் வரலாம். அப்போது உங்கள் பார்க் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பொறுப்பில் இருக்கக்கூடும். சிட்டி, கவுன்டி இரண்டின் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் (பூங்கா, விளையாட்டுத் துறை) இணையதளங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பள்ளி வளாகக் கோர்ட்டுகள் சில இடங்களில் மாலையில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், ஆனால் லைட்டை எதிர்பார்க்காதீர்கள்.

கோர்ட் தேட உதவும் பிக்கிள்ஹெட்ஸ் போன்ற செயலிகள் தொடங்குவதற்கு நல்லவை. ஆனால் அதில் உள்ள விவரம் பழையதாக இருக்கலாம். மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பிக்கிள்பால் கோர்ட் 20 அடிக்கு 44 அடி, டென்னிஸ் கோர்ட்டைவிட மிகச் சிறியது. வேலிக்குள் சின்னச் சின்ன செவ்வகங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது பிக்கிள்பாலுக்கென்றே போட்டது. டென்னிஸ் கோட்டின் மேல் வேறு நிறத்தில் கோடு தெரிந்தால் பகிர்ந்துகொள்ளும் கோர்ட். அங்கே தூக்கிச் செல்லும் நெட் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். டென்னிஸ் நெட் நடுவில் 36 அங்குலம், பிக்கிள்பாலுக்கு 34தான், ஓரத்துக்குப் போகப் போக வித்தியாசம் இன்னும் கூடும். டென்னிஸ் நெட்டிலேயே பழகிப் பார்க்கலாம், ஒழுங்கான ஆட்டம் வராது. லைட் கம்பம் இருக்கிறதா என்பதற்கு அதன் நீண்ட நிழலைத் தேடுங்கள், அல்லது ஸ்ட்ரீட் வியூவில் பாருங்கள்.

கம்பம் இருந்தால் மட்டும் போதாது. அது பார்க்கிங்குக்கான விளக்காக இருக்கலாம், அல்லது முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே எரியலாம். ஆகவே அலுவலக நேரத்தில் பார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டு நாலே கேள்வி கேளுங்கள்: லைட் எத்தனை மணிக்கு அணையும்? தானாக எரியுமா, பட்டன் அழுத்த வேண்டுமா? முன்பதிவில்லாமல் போய் ஆடலாமா? எந்தெந்த நாள் மாலையில் கோர்ட்டை வகுப்புக்கோ லீகுக்கோ கொடுத்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பல இடங்களில் நேரே போய் ஆடினால் இலவசம், முன்பதிவுக்குத்தான் கட்டணம். ஆனால் முன்பதிவு பெர்மிட் வைத்திருப்பவர் வந்தால் நீங்கள் கோர்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். வீடுகளுக்கு அருகில் உள்ள கோர்ட்டுகளில் சத்தத்தால் புகார் வருவதால், லைட் இருந்தும் சீக்கிரமே மூடிவிடுவதுண்டு.

பட்டன் வைத்த லைட் குறிப்பிட்ட நேரம் கழித்து அணைந்துவிடும். எல்இடி என்றால் அழுத்தியதும் எரியும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு சூடு ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும், பத்து நிமிடம்கூட ஆகலாம். எனவே அணைவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிடுங்கள்.

கூட்டம் இருக்கும்போது வேலியில் உள்ள ரேக்கில் பேடிலைச் செருகினால் அதுதான் உங்கள் வரிசை. 11 புள்ளி ஆட்டம் முடிந்ததும் நால்வரும் இறங்குவதா, ஜெயித்த இருவர் நிற்பதா என்பது பார்க்குக்குப் பார்க் மாறும், போர்டைப் படியுங்கள். தனியாகப் போகக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஓபன் ப்ளே (யாரும் வந்து சேர்ந்து ஆடலாம்) நேரத்தில் பேடிலை வைத்தாலே ஆள் சேர்ந்துவிடும்.

பந்து வெளியரங்கத்துக்கானதாக, 40 துளை உள்ளதாக வாங்குங்கள். 26 துளைப் பந்து காற்றில் அலையும். குளிரில் 40 துளைப் பந்தும் விரிசல் விடும், கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பனி இறங்கினால் தரை வழுக்கும், கோடுகள் இன்னும் மோசம். ஓட்டத்துக்கான ஷூ பக்கவாட்டில் தாங்காது, கோர்ட் ஷூ போடுங்கள்.

லைட் எரியவில்லையென்றால் கம்பத்தில் எண் இருக்கிறதா பார்த்துக் குறித்துக்கொண்டு, 311 (நகராட்சிப் புகார்களுக்கான போன் எண்) வசதி உள்ள நகரங்களில் அதில் புகார் போடுங்கள். பார்க் பெயரோடு கோர்ட் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் பழுது பார்க்க வருகிறவருக்கு எங்கே ஏற வேண்டும் என்று தெரியும்.