சுவரில் பெரிய சிலந்தி, மகள் கழுத்தில் கொப்புளம்: விஷமா?

முத்தியால்பேட்டை அம்மா: குளியலறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி இருக்கிறது. மகளுக்குக் கழுத்தில் கொப்புளம். விஷச் சிலந்தியா என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர்: சிலந்தியின் நிறம் என்ன, வலை இருந்ததா, கடித்ததை யாராவது பார்த்தார்களா, கொப்புளம் எப்போது வந்தது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே, சகோதரி?

பண்ருட்டித் தோப்பு: மரப்பொந்தில் வாழும் புலிச்சிலந்தியாகத்தான் இருக்கும். அது கடித்தால் தசைகள் நாள்கணக்கில் இழுத்துப் பிடிக்கும்.

வில்லியனூர் ஆசிரியர்: தோப்பில் வாழ்வது குளியலறைக்கு எதற்கு வருகிறது, தம்பி? பாடம் படித்துவிட்டுப் பேசலாம். நம்மவர்கள் புண்ணுக்கும் சிலந்தி என்றே பெயர் வைத்தார்கள். நரம்புச் சிலந்தி என்று அவர்கள் சொன்னது ஒரு புழு. அதனால்தான் கொப்புளம் கண்டதும் சுவரில் இருப்பதன்மேல் பழி விழுகிறது.

முத்தியால்பேட்டை அம்மா: பழுப்பு நிறம், வலை இல்லை. வயிற்றுக்கு அடியில் நாணயம் போன்ற வெள்ளை வில்லை ஒன்றைப் பிடித்திருக்கிறது. கடித்ததை யாரும் பார்க்கவில்லை. முந்தாநாள் மழைக்குப் பிறகு குழல் விளக்கைச் சுற்றி ஒரே பூச்சி. நேற்றுக் காலையில் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் சிவந்திருந்தது, இன்று நீர் கோத்திருக்கிறது.

கடலூர் முதுநகர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த வில்லை முட்டைப் பை. அதைச் சுமந்து திரிவது கரப்பான் பிடிக்கும் வேட்டைச் சிலந்தியின் தாய். அஞ்ச வேண்டியது வேறு வகை: பூந்தொட்டிகளின் அடியில் தாறுமாறாக வலை பின்னும், பட்டாணி போன்ற வயிற்றின் அடிப்புறத்தில் உடுக்கை வடிவச் சிவப்புக் குறி இருக்கும். கோடு போன்ற கொப்புளத்துக்கு, விளக்குக்கு வரும், எறும்பு போன்ற கருஞ்சிவப்பு வண்டுதான் காரணமாக இருக்கலாம். தோலில் நசுங்கினால் அதன் சாறு சுடும். சோப்பு போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பாட்டி: அது அக்கி. குயவரிடம் காவியால் எழுதிக்கொண்டால் இறங்கிவிடும்.

வில்லியனூர் ஆசிரியர்: அக்கி, முன்பு வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து எழுவது, அம்மா, உடலின் ஒரு பக்கம் பட்டையாகப் பரவும். அதற்கான மாத்திரை 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். காவிக்குக் காத்திருந்தால் அந்த நாள்களும் போய்விடும்.

திருப்பாதிரிப்புலியூர் பாட்டி: என் அண்ணனுக்கு எழுதித்தான் குணமாயிற்று.

வில்லியனூர் ஆசிரியர்: எழுதாமலே பலருக்குத் தானாக ஆறுகிறது, அம்மா.

முத்தியால்பேட்டை அம்மா: வண்டின் சாறு என்று சொல்லி மருத்துவர் களிம்பு கொடுத்தார். சிலந்தியைக் காணவில்லை, வில்லையையும்.