குரல்வளை மூடி அடைப்பொலி: கேட்டுப் பழக ஒலிப்பதிவுகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். நாவின் அடிக்கும் கீழே, குரல்வளை மூடியை (விழுங்கும்போது மூச்சுவழியைக் காக்கும் மடலை) நோக்கி அதன் பக்க மடிப்புகள் இறுகிக் காற்றை முழுதாக அடைத்து விடுவதால் பிறக்கும் அரிய மெய்யொலியைக் கற்க முயன்றுவருகிறேன். ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில் பேசப்படும் அகூல், கென்யாவின் தஹாலோ போன்ற மிகச் சில மொழிகளிலேயே இது வழங்குகிறது. குரல்நாண்கள் மட்டும் மூடித் திறப்பதால் எழும் அடைப்பொலியிலிருந்து இதைச் செவியால் பிரித்தறிவதுதான் எனக்குப் பெரும் சிரமமாக உள்ளது. அருகிலுள்ள உயிரொலி இறுகி ஒலிப்பது ஓர் அடையாளம் என்றாலும், விரைவான பேச்சில் அதுவும் என் காதுக்குப் பிடிபடுவதில்லை. இம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோரின் தெளிவான ஒலிப்பதிவுகளோ, தொண்டையின் அசைவைக் காட்டும் காணொளிகளோ கிடைக்கும் இடத்தை அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். தொண்டையை வருத்தாமல் இதைப் பயிலும் முறையை ஒலியியல் படித்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.