உதைபந்தாட்டம் விளையாடி முடித்து கோச்சாக வந்தவர்களைப் பற்றி மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

கரையூர் விங்:

எனக்கு ஒன்று பதினொரு வருடமாக மனதுக்குள் கிடக்கிறது. எங்கள் மாஸ்டர் கொழும்பில் விளையாடி, பிறகு மாலைதீவில் சம்பளத்துக்கு விளையாடியவர். அப்போதெல்லாம் பந்தடித்துச் சம்பளம் எடுப்பதென்றால் கடல் தாண்டத்தான் வேண்டும், இலங்கையில் தொழில்முறை சுப்பர் லீக் 2021இல்தானே வந்தது. முழங்கால் போனபிறகு ஊருக்குத் திரும்பி எங்கள் ரீமை எடுத்தார்.

அரையிறுதிக்கு முதல்நாள் பின்னேரம், பெனல்டி பழகுகிறோம். நான் அடித்த ஐந்தில் மூன்று வெளியே. "ஓடி வரேக்க கோலியைப் பார்க்கிறாய்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவரே வந்தார். நாலடி ஓட்டம்தான். பந்து மேல்மூலையில் ஏறி, வலை கிழிந்திருந்த இடத்தால் புகுந்து கடற்கரைப் பக்கம் உருண்டது. எல்லோரும் கத்தினோம். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் மணலில் இருக்கிறார். ஊன்றி நின்ற இடது முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். "அடியுங்கோடா, அடியுங்கோ" என்று எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்களும் அடித்தோம். இருட்டும்வரை அடித்தோம். ஒருத்தனாவது கிட்டப் போகவில்லை. கடைசியில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவராகவே எழும்பினார்.

அடுத்தநாள் வென்றோம், ஸ்கோர்கூட நினைவில்லை. அவர் எழும்பியது மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் சொல்லைத் தட்டக்கூடாது என்றுதான் அடித்தோம் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. அவரை அந்த நிலையில் பார்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

பழைய கோலி:

தம்பி, நீங்கள் போய்த் தூக்கியிருந்தால் அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்திருக்கும். அதை மனதில் வைத்திருக்காதீர்கள்.

எங்கள் கோச் பேர்பெற்ற முன்வரிசை ஆள். கோலிகளோடு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் பழக்குவார், என்னைக் கம்பத்தடியில் நிற்கவிட்டுப் பத்து யார் தூரத்தில் இருந்து அடித்துக்கொண்டேயிருப்பார். செம்மண் தரை, பாய்ந்து பாய்ந்து இரண்டு முழங்கையும் தோல் உரிந்துவிடும். ஒருநாள் நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு ஏழரை இருக்கும், சைக்கிளில் வந்து நிற்கிறார். அம்மா போட்ட தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கோலியின்ர வேலை தெரியாதடா. நீ எனக்குச் சொல்லித் தா" என்றார். எனக்கு அப்போது 16 வயது. நாடு முழுக்கச் சுற்றி விளையாடிய மனிதர், என் முன்னால் இருந்துகொண்டு கொப்பியைத் திறந்தார்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் அதிர்ஷ்டம். நன்றாக விளையாடியவர் நன்றாகப் பழக்குவார் என்று நம்புவது நம் ஊரில் பெரிய பிழை. பேர்பெற்ற கோச் மொரினியோ பெரிய விளையாட்டுக்காரரா? கோச் பொபி ரொப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்று படித்து வந்தவர். ஏசி மிலானுக்கு 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்துக்கொடுத்த கோச் சாச்சி தொழில்முறையாக விளையாடவே இல்லை. தியரி ஹென்றியைப் பாருங்கள், உலகக் கிண்ணம் வென்ற மனிதர். 2018 ஒக்டோபரில் மொனாக்கோ கழகத்தின் கோச் ஆனார், 2019 ஜனவரியில் வேலை போய்விட்டது.

என் மகனுக்கு 12 வயதில் நடந்தது. ஒரு முன்னாள் வீரர், பெயர் வேண்டாம், பிள்ளை பந்தைத் தவறவிட்டதும் எல்லோருக்கும் முன்னால் "உன்ர வயதில நான்..." என்று தொடங்கினார். மகன் பூட்ஸைக் கழற்றி என் கையில் தந்தான். அன்றோடு விட்டுவிட்டான்.

பெற்றோர் யாராவது இதை வாசித்தால் சொல்கிறேன். கோச்சிடம் என்ன பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பில் சி, பி, ஏ என்று படிப்படியாக ஏறி அதற்குமேல் புரோ இருக்கிறது. 12 வயதுவரை 4ஆம் நம்பர் பந்துதான் கொடுக்கவேண்டும். பெரியவர்களின் 5ஆம் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு அடி இல்லை என்று குறைசொல்லக் கூடாது. முழு மைதானத்தில் பதினொரு பேராக விட்டால் சின்னப் பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் பந்து நாலு தரம் வந்தாலே பெரிய காரியம். ஏழு பேராகப் பிரித்துச் சின்ன இடத்தில் விடச்சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மூன்று மணிக்குத் தொடங்கினால் போய் மறியுங்கள். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் அனுப்பாதீர்கள். கரையூர் விங், உங்கள் மாஸ்டர் உடம்பைச் சூடாக்காமல் வெறுங்காலோடு அடித்ததும் பிழைதான். கோச்சும் ஓடிச் சூடாக்கிவிட்டுத்தான் செய்துகாட்ட வேண்டும்.

நம்பர் 8:

அண்ணா, உங்கள் மகனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அந்தக் கணக்கை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். ஹென்றியைச் சொன்னீர்கள், சாபி அலொன்சோவை விட்டுவிட்டீர்கள். அவரும் உலகக் கிண்ணம் வென்றவர்தான். 2017இல் விளையாட்டை விட்டதும் ரியல் மட்ரிட்டின் சின்னப் பெடியன்களைப் பழக்கினார். பிறகு மூன்று வருடம் ரியல் சொசியடாட்டின் இரண்டாம் அணி. 2022 ஒக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் கழகத்தை எடுத்தபோது அது அட்டவணையில் கடைசிக்கு ஒன்று மேலே. 2023-24இல் லீக்கில் ஒரு தோல்வி இல்லாமல் கிண்ணம் எடுத்தார்கள். நம் பக்கீர் அலியும் பங்களாதேஷில் அபஹானி கழகத்துக்கு விளையாடி, அங்கேயே கழகங்களைப் பழக்கிவிட்டுத்தானே இலங்கை அணிக்குக் கோச்சாக வந்தார். விளையாடியது குற்றம் இல்லை. பழக்குவதைப் புதிதாகப் படிக்காமல் வருவதுதான் குற்றம்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பாடசாலை ரீமில் விளையாடியவள். எங்கள் சேர் ஒருகாலத்தில் தேசிய அணியில் இருந்தவர். அது எங்களுக்குத் தெரியாது, அவர் சொன்னதே இல்லை. துரையப்பா அரங்கில் ஒரு போட்டி முடிந்து வெளியே வரும்போது, கொடி பிடித்து லைனில் நின்ற வயதான ஒருவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து சேரைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் வாயால்தான் தெரியும். பஸ்ஸில் ஏறியதும் "ஏன் சேர் சொல்லேல்ல?" என்று நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். சேருக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் தண்ணி குடிச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். சுன்னாகம் வரைக்கும் திரும்பவில்லை. அதன்பிறகு நாலு வருடம் அவரிடம் பழகினேன். ஒருநாளும் நான் திரும்பக் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

இளவாலையான்:

சொல்லாததற்குக் காரணம் இருக்கும் தங்கச்சி. எங்கள் கோச்சும் சொல்லமாட்டார். அவருக்குக் கொழும்பில் ஒரு கழகம் இடம் கொடுத்து, வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. வந்த மாதம் 2006 ஓகஸ்ட். முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே போகும் ஏ9 பாதை பூட்டிவிட்டது. இராணுவக் கிளியரன்ஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்குப் போகவேண்டும். அவருக்குக் கிடைக்கவில்லை. 2009இல் பாதை திறந்தபோது அவருக்கு 26. கழகத்தில் அவர் இடத்தில் வேறு ஆள். அப்படித்தான் கோச்சானார்.

2023 ஜனவரியில் பீபா இலங்கையைத் தடைசெய்தபோது என் அக்காவின் மகன் வயதுப்பிரிவுத் தெரிவில் இருந்தான். இனி வெளிநாட்டுப் போட்டியே இல்லை என்றதும் பந்தைப் பரணில் எறிந்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துவிட்டான். இரண்டு கிழமை மைதானப் பக்கம் போகவில்லை. ஒரு பின்னேரம் கோச் வந்தார். படலைக்கு உள்ளேகூட வரவில்லை, சைக்கிளில் இருந்தபடியே, "பந்து எங்க?" என்றார். அவன் இறக்கிக்கொண்டு வந்தான். காற்றுப் போயிருந்தது. கோச் சேர்ட் பையில் இருந்து ஊசியை எடுத்து நாக்கில் தொட்டு நனைத்து, பந்தில் குத்தி, சைக்கிள் பம்பால் அடித்தார். அடித்து, அமத்திப் பார்த்து, கொஞ்சம் காற்று விட்டு, திரும்ப அடித்தார். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, "நாலரைக்கு" என்றார். போய்விட்டார்.

தடை ஓகஸ்ட் கடைசியில்தான் நீங்கியது. நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைக் கொடுக்கும்போது அவர் கை உடனே விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள்.

கரையூர் விங்:

இளவாலையான் அண்ணை, ஊசியை நாக்கில் தொட்டுக் குத்துவது எங்கள் மாஸ்டரின் பழக்கமும்தான். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பழைய கோலி அண்ணை, நீங்கள் சொன்னது ஆறுதல்தான், ஆனாலும் அந்தப் பின்னேரத்தைப் பற்றி மாஸ்டரிடம் கேட்கத்தான் போகிறேன். அவர் இப்போதும் குருநகரில்தான் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிய வீட்டில் நிற்பார்.