‘தி பாட்டர்ஸ்’ (1927): இணையத்தில் உலவும் துண்டு அந்தப் படத்தினுடையதுதானா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்க நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் நடித்த ‘தி பாட்டர்ஸ்’ என்னும் மௌனப் படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றே படித்திருக்கிறேன். நேற்று அந்தப் பெயரோடு ஒரு காணொளித் துண்டு கண்ணில் பட்டது. வீட்டின் பின்தாழ்வாரத்தில் ஃபீல்ட்ஸ் தூங்கப் பார்க்கிறார். குழந்தையும் அக்கம்பக்கத்துச் சத்தமும் அவரைத் தூங்க விடுவதாயில்லை. படம் கிடைத்துவிட்டதா?

முதல் மறுமொழி:
இல்லை, ஐயா. நீங்கள் பார்த்தது 1926-இல் வந்த ‘இட்ஸ் தி ஓல்ட் ஆர்மி கேம்’. இரண்டு படங்களுக்கும் ஜே. பி. மெக்எவாய் மேடைக்கு எழுதியவையே மூலம், நாயகனும் ஒருவரே என்பதால் பெயர் மாறிப்போயிருக்க வேண்டும். துண்டில் எங்காவது மருந்துக்கடைப் பெண்ணாக நடிகை லூயிஸ் புரூக்ஸ் வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் ஐயமே வேண்டாம். ‘தி பாட்டர்ஸ்’ கதையோ, குடும்பச் சேமிப்பான 4,000 டாலரைக் கொண்டுபோய் எண்ணெய்க் கிணற்றுப் பங்குகளில் போட்டுவிட்டு, ஏமாந்தோமோ என்று தவித்து, கடைசியில் பணக்காரராகிவிடும் ஒரு குடும்பத் தலைவரைப் பற்றியது. நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்டின் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தை இயக்கிய இருவருள் ஒருவரான ஃபிரெட் நியூமேயர்தான் இதையும் இயக்கினார்.

இரண்டாம் மறுமொழி:
காலமும் இந்தப் படத்துக்கு எதிராகவே இருந்தது. இது வெளியான அதே 1927-இன் அக்டோபரில் பேச்சும் பாட்டும் ஒலித்த ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது. பேசும் படங்கள் பரவியதும் மௌனப் படங்களைக் கேட்பாரில்லை. அக்காலப் படச்சுருளான நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்துப் பொடியாகும்; பல நிறுவனங்கள் அதிலிருந்த வெள்ளியைப் பிரித்து விற்பதே லாபம் என்று எண்ணின. அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013-இல் கணக்கிட்டது.

மூன்றாம் மறுமொழி:
தாழ்வாரக் காட்சியை 1934-இல் ‘இட்ஸ் எ கிஃப்ட்’ படத்தில் ஃபீல்ட்ஸ் ஒலியோடு மறுபடி எடுத்தார். என் கணிப்பில் அதுவே மேல். உதவாக்கரை நிலத்தை வாங்கிவிட்டு விழிக்கும் நாயகனுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல் வருவதால் 40,000 டாலரும் ஆரஞ்சுத் தோட்டமும் வாய்க்கின்றன. திடீர்ப் பணத்தில் ஃபீல்ட்ஸ் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்க விரும்பினால், இப்போதைக்கு அதைத்தான் பார்க்க முடியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. துண்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நெற்றியில் நேராகக் கத்தரித்த முடியுடன் லூயிஸ் புரூக்ஸ் வருகிறார். தலைப்பைத் திருத்தும்படி ஏற்றியவருக்கு எழுதியிருக்கிறேன்.