அக்கா, இன்று பின்னேரமே வெளிக்கிடுங்கள்

ஞாயிறு, 16 ஜனவரி 2022

சின்ன மாமா (காலை 11:52)
தம்பி, ஜிஎஃப்எஸ் என்கிற அமெரிக்க வானிலைக் கணினி மாடலின் காலைக் கணிப்பு ஓட்டம் வந்துவிட்டது, பார்த்தாயா? பனிப்புயல் கடலோரமாகப் போய்விடும் என்ற கதை முடிந்தது. பென்சில்வேனியாப் பக்கமாக உள்ளுக்குள்ளாலேயே ஏறி வருகிறது.

நான் (11:58)
பார்த்தேன் மாமா. தாழமுக்கத்தின் வடமேற்குப் பக்கத்தில்தான் கனக்கக் கொட்டும், ரொறன்ரோ சரியாக அந்தப் பக்கத்தில் நிற்கிறது. ஐரோப்பிய மாடல் வரட்டும், ஒரு மணிக்குப் பிறகு சொல்கிறேன்.

பெரியம்மா (12:10)
இந்தப் படத்தைக் கோவில் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஊதா நிறமாக இருக்கிறது. உண்மையா?

நான் (12:16)
பெரியம்மா, அது ஒரே ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதிதாக ஓடும், ஒவ்வொரு முறையும் படம் மாறும். இப்படித்தான் 2015 ஜனவரியில் நியூயார்க்குக்கு இரண்டு அடி என்றார்கள், சப்வேயைக்கூட நிறுத்தினார்கள், கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். புயல் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனதால் லாங் ஐலண்டும் பொஸ்டனும்தான் இரண்டு அடி வாங்கின. ஆனபடியால் படத்தின் நிறத்தைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்.

அட்லாண்டா மச்சாள் (12:40)
இங்கே மழை ஸ்னோவாக மாறிவிட்டது. பிள்ளைகள் கையுறைகூட இல்லாமல் வெளியே ஓடிவிட்டார்கள்.

சின்ன மாமா (12:43)
இதே புயல்தான் பிள்ளை. புளோரிடாவில் இன்று காலை சுழல்காற்றும் அடித்திருக்கிறது. இரவுக்கு எங்களிடம் வரும்.

நான் (1:35)
ஐரோப்பியனும் அதே பாதை. இனி மாற இடமில்லை. என்வைரன்மென்ட் கனடாவின் எச்சரிக்கையும் இருக்கிறது. நடுச்சாமத்துக்குப் பிறகு தொடங்கி, விடியப்புறம் ஐந்து மணியிலிருந்து மதியம் வரைக்கும்தான் உண்மையான அடி.

எனக்கு இப்போது யோசனை ஏரியைப் பற்றித்தான். ஒன்ராறியோ ஏரி ஆழமானது, லேசில் உறையாது, தண்ணீர் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து ஏரியின் நீளத்துக்கு ஓடி வரப்போகிறது. அந்த ஈரம் முழுவதும் ஏரிக்கரையில் இறங்கும். மாடல் படங்களில் 1 மில்லிமீற்றர் தண்ணீருக்கு 1 சென்டிமீற்றர் ஸ்னோ என்றுதான் கணக்கு, குளிர் கூடினால் ஸ்னோ பஞ்சாகி 15 மடங்குக்குப் போகும். என் கணக்கில் 25 சென்டிமீற்றருக்குக் குறையாது, ஏரிக்கரையில் அதைவிடக் கூட.

அக்கா (2:05)
எனக்கு நாளை காலை 7 மணிக்கு ஷிஃப்ட். அஜாக்ஸிலிருந்து 5:30க்கு வெளிக்கிட்டால் போதாதா? விண்டர் டயர் போட்டிருக்கிறது.

நான் (2:07)
வேண்டாம் அக்கா. நீங்கள் 401 நெடுஞ்சாலையில் நிற்கும் அதே நேரத்தில்தான் மணிக்கு ஐந்து சென்டிமீற்றர் அளவில் கொட்டப்போகிறது. உங்கள் டயர் நல்லதாக இருந்து என்ன, முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றால் எல்லோரும் அங்கேயேதான். ஸ்னோ தள்ளுகிற பிளவ் வண்டிகூட வரமுடியாது.

அக்கா (2:14)
வராமல் இருக்கவும் ஏலாது. அரைவாசிப் பேர் கோவிட் என்று வீட்டில் நிற்கிறார்கள். என் தளத்தில் இருக்கிற வயதானவர்களை யார் எழுப்பிச் சாப்பாடு கொடுப்பது?

சின்ன மாமா (2:20)
வேலைக்குப் போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை பிள்ளை, இன்றைக்கே போ. 1999 ஜனவரியில் ஸ்னோ அள்ள மேயர் ஆமியைக் கூப்பிட்டபோது நான் இங்கேதான் இருந்தேன். ரோட்டு மூடினால் மூடினதுதான்.

எட்டோபிக்கோ சித்தி (2:26)
என் வீட்டிலிருந்து உன் வேலைக்கு நடை தூரம்தானே. பின்னேரமே வா, மேலறை சும்மாதான் கிடக்கிறது. இரவுக்குப் புட்டு.

அக்கா (2:31)
சரி சித்தி. பிள்ளைக்கு நாளைக்குத்தான் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், அதை யார் பார்ப்பது?

நான் (2:33)
திறக்கமாட்டார்கள் அக்கா, எழுதி வையுங்கள். அத்தான் வீட்டில் நிற்கிறார்தானே. ஆறு மணிக்கு முதல் வெளிக்கிடுங்கள். பூட்ஸ், மாற்றுடுப்பு, போன் சார்ஜர், இரண்டு நாளுக்குரிய மருந்து எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா (7:20)
சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோட்டு காய்ந்துதான் கிடந்தது.

திங்கள், 17 ஜனவரி 2022

பெரியம்மா (காலை 6:40)
பள்ளிக்கூடம் இல்லையாம்.

சின்ன மாமா (10:05)
எவ்வளவு தம்பி? கார் மேலே அளக்காதே, காற்று வாரியிருக்கும்.

நான் (10:12)
பின்பக்கம் காற்றுப் படாத இடத்தில் பலகை வைத்திருக்கிறேன் மாமா. 27, இன்னும் கொட்டுகிறது. அடிமட்டத்தை இறக்கினால் பலகையில் முட்டும்வரை ஒரு தடையும் இல்லை, அவ்வளவு பஞ்சு. ஆனால் வாசலில் பிளவ் ஒதுக்கிவிட்டுப் போன மேடு கல்லு மாதிரி, சவள் இறங்கவில்லை. பெரியம்மா, பெரியப்பாவைத் தொடவிடாதீர்கள், ஓய்ந்ததும் நான் வந்து வெட்டுகிறேன்.

அக்கா (12:48)
நடந்தே வந்துவிட்டேன், முழங்காலுக்கு ஸ்னோ. காலையில் தளத்தில் நானும் இன்னொரு பிள்ளையும் மட்டும்தான், எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்து முடித்தோம். மற்றவர்கள் டிவிபி, கார்டினர் ஹைவேக்கள் எல்லாம் மூடி என்று போன் எடுக்கிறார்கள். பின்னேர ஷிஃப்ட்காரருக்கு என்ன சொல்ல?

நான் (12:53)
ரேடாரில் கடும் பட்டை கிழக்கே நகர்கிறது, பின்னேரத்துக்குள் குறைந்துவிடும். ஆனால் ஸ்னோ நின்றாலும் ரோட்டு உடனே திறக்காது, பிந்தித்தான் வருவார்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் இன்றிரவும் சித்தி வீட்டிலேயே நில்லுங்கள் அக்கா.

எட்டோபிக்கோ சித்தி (12:55)
புட்டு மிச்சம் இருக்கிறது.