டிரோன் பைலட் சான்றிதழ்: யூடியூப் பார்த்துப் படிச்சாப் போதுமா, பயிற்சிக்குப் பணம் கட்டணுமா?

தேவிபட்டினம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தேவிபட்டினம், வயசு 23. பன்னிரண்டாவது முடிச்சிட்டு ராமநாதபுரத்துல ஒரு ஸ்டுடியோவுல வேலை பார்க்கிறேன். கல்யாண வீட்டுல டிரோன் கேட்டா மதுரையிலிருந்து ஆள் வரவழைக்கிறோம். அந்த வேலையை நானே செய்யணும்னு ஆசை. இன்னொரு பக்கம், மாமாவுக்கு ஆர்.எஸ்.மங்கலத்துல நெல் வயல் இருக்கு. மருந்தடிக்க ஆள் கிடைக்கல, நீ டிரோன் கத்துக்கிட்டு வா, சுத்துப்பட்டுல எல்லாருமே கூப்பிடுவாங்கன்னு சொல்றார்.

எப்படித் தயாராகிறதுன்னுதான் குழப்பம். யூடியூப்ல முழுப் பாடமும் இலவசமா இருக்கு. செல்போன் ஆப் ஒண்ணுல மாதிரித் தேர்வு இருக்கு: 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தாப் பாஸ், எல்லாமே இங்கிலீஷ். பயிற்சி நிறுவனத்துல விசாரிச்சா ஒருத்தர் 35,000 கேட்கிறார், இன்னொருத்தர் 60,000-க்கு மேல சொல்றார். ரெண்டுமே அஞ்சு நாள் வகுப்புதான். அம்மா சீட்டு எடுத்த பணம் இருக்கு, அதை வீணாக்கக் கூடாது. வீட்டுல இருந்தே படிச்சுட்டு நேரே பரீட்சை மட்டும் எழுத வழி இருக்கா? இங்கிலீஷ் எனக்குச் சுமார்தான்.

சாயல்குடி சர்வேயர்:

தம்பி, அந்த ஆப்பை முதல்ல மூடி வைங்க. 60 கேள்வி, 70 சதவீதம், 2 மணி நேரம், இது அமெரிக்காவுல நடக்கிற பகுதி 107 தேர்வு. அங்க 16 வயசு ஆனவங்க சொந்தமாப் படிச்சு, தேர்வு மையத்துக்குப் போய் எழுதிட்டு வந்துடலாம். பறந்து காட்டச் சொல்ல மாட்டாங்க. யூடியூப்ல தேடினா முதல்ல வந்து நிக்கிறது பாதிக்கு மேல அந்தப் பாடம்தான். அவங்க வான்வெளி வரைபடத்தையும் அவங்க விதியையும் மனப்பாடம் பண்ணி நமக்கு ஒரு மார்க்கும் வராது.

நம்ம நாட்டுல வழியே வேற. 2021 ஆகஸ்ட் 25 அன்னைக்கு வந்த டிரோன் விதிகள்தான் அடிப்படை. 18 முதல் 65 வயசுக்குள்ள இருக்கணும், பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும், டிஜிசிஏ-ன்னு சொல்ற மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கிட்ட அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்துல பயிற்சி முடிக்கணும். எழுத்துத் தேர்வு, பறக்கும் தேர்வு ரெண்டும் அங்கேயே நடக்கும். தேறினா ரிமோட் பைலட் சான்றிதழ், 10 வருஷம் செல்லும். பயிற்சியை விட்டுட்டுப் பரீட்சை மட்டும் எழுதுற வழி கிடையாது.

அதனால உங்க கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளுங்க. வகுப்புக்குப் போகணுமா வேணாமாங்கிறதுல யோசிக்க ஒண்ணுமில்ல. எந்த நிறுவனம், எந்த எடைப் பிரிவு, போறதுக்கு முன்னாடி வீட்டுல எவ்வளவு தயாராகலாம், இந்த மூணுதான் நீங்க முடிவு பண்ண வேண்டியது. அஞ்சு நாள்ல ஆகாயத்துல கிடைக்கிற நிமிஷம் ரொம்பக் குறைவு. ஸ்டிக் எந்தப் பக்கம் தள்ளினா எங்க போகும்னு அங்க போய்க் கத்துக்கிட்டு நின்னா அந்த நிமிஷமெல்லாம் அதுலயே கரைஞ்சிடும்.

திருவாடானை அக்கா:

நான் எங்க மகளிர் குழுவுல இருந்து, குழுப் பெண்களுக்கான மத்திய அரசோட நமோ டிரோன் தீதி திட்டத்துல பயிற்சி எடுத்தவ. எங்களுக்கு 15 நாள், அதுல அஞ்சு நாள் பைலட் பயிற்சி, மீதி மருந்து தெளிக்கிறது, உரம் போடுறது. அதனால வயல் வேலையைப் பத்திச் சொல்றேன்.

தம்பி, பணம் கட்டும் முன்னாடி எடைப் பிரிவைப் பாருப்பா. 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, 2-லிருந்து 25 கிலோ வரைக்கும் ஸ்மால். அதுக்கு மேல 150 கிலோ வரைக்கும் மீடியம். கல்யாணத்துக்கு எடுக்கிற கேமரா டிரோன் பெரும்பாலும் மைக்ரோ. மருந்தடிக்கிற 10 லிட்டர் டேங்க் டிரோன் தண்ணி நிரப்பினப்புறமும் 25 கிலோவுக்குள்ள வர்ற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, அது ஸ்மால். சான்றிதழ்ல எந்த வகை, எந்தப் பிரிவுன்னு பதிவாகும். இறக்கை விமானம் மாதிரி இருக்கிறதும் காத்தாடி சுத்துறதும் வேற வேற வகை. மாமா வயலுக்கும் போகணும், கல்யாணமும் எடுக்கணும்னா, "ரெண்டுக்கும் செல்லுற மாதிரி என்ன பதிவாகும்?"னு நிறுவனத்துக்கிட்ட எழுத்துல வாங்கிக்க. வாய்ப்பேச்சை நம்பாதே.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு குறைஞ்ச கட்டணம்னு ஒரு இடத்துல சேர்ந்தா. ஒரே ஒரு டிரோன், இருபது பேர் வரிசை. ரெண்டாம் நாள் அந்த டிரோன் கீழ விழுந்து அதோட கை ஒடைஞ்சது, அதோட பாதிப் பேருக்குப் பறக்கவே வாய்ப்பில்ல. சான்றிதழ் கையில இருக்கு, வயல்ல நின்னு தூக்கப் பயப்படுறா. பார்க்கவே கஷ்டமா இருக்கு. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதேன்னு அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேட்க வேண்டியதைக் கேட்டுடு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பறக்கிற நிலையில எத்தனை டிரோன் இருக்கு, பேட்டரி எத்தனை செட்? ஆளுக்கு எத்தனை நிமிஷம் கையில குடுப்பாங்க? மழை வந்து ஒரு நாள் போனா ஈடு கட்டுவாங்களா? தேறலைன்னா மறுதேர்வுக்குத் தனிப் பணமா? பாடம் தமிழ்ல நடத்துவாங்களா? இதுக்கெல்லாம் பளிச்சுன்னு பதில் சொல்ற இடத்துக்குப் போ, பத்தாயிரம் கூட ஆனாலும் பரவாயில்ல.

மண்டபம் வாசி:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். நிறுவனம் டிஜிசிஏ வெளியிடுற அங்கீகாரப் பட்டியல்ல இருக்கா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம்னு நீங்களே பார்த்துடுங்க. "அரசு அங்கீகாரம்"னு போர்டுல எழுதினாப் போதாது. எடிட்டிங், அசெம்பிளி கத்துக் குடுக்கிற இடங்களும் சான்றிதழ் தருவாங்க, அது வேற சான்றிதழ். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துல அண்ணா பல்கலையோட வான்வெளி ஆராய்ச்சி மையமும் இந்தப் பயிற்சி நடத்துது, அங்கேயும் ஒரு வார்த்தை விசாரிங்க.

விதிகளைப் படிக்கிறப்போ ரொம்பக் கவனம். வாட்ஸ்அப்ல சுத்துற கேள்வி-பதில் பிடிஎஃப் பல 2018 காலத்து விதியில இருந்து எடுத்தது. "கரையிலிருந்து 500 மீட்டருக்கு மேல கடலுக்குள்ள பறக்கக் கூடாது"ன்னு அதுல இருக்கும். "நாட்டு எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்ள பறக்கக் கூடாது"ன்னும் இருக்கும். இப்போ அரசோட டிஜிட்டல் ஸ்கை தளத்துல இருக்கிற வான்வெளி வரைபடம்தான் பேசும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில 400 அடி வரைக்கும் முன் அனுமதி வேணாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8-12 கிலோமீட்டருக்குள்ள அது 200 அடியாக் குறையும். மஞ்சளுக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசு அனுமதி. அதே மாதிரி பழைய பிடிஎஃப்ல "லைசென்ஸ்"னு இருந்தா 2022 பிப்ரவரித் திருத்தத்துக்கு முந்தினதுன்னு புரிஞ்சுக்கலாம். அதுக்கப்புறம் சான்றிதழ் மட்டும்தான். 2021 மார்ச்சுல ஒரு விதி வந்து ஆகஸ்ட்டுலயே போயிடுச்சு, அந்தக் கேள்விகளும் கலந்து கிடக்கு. மூல விதிகளையும் 2022, 2023 திருத்தங்களையும் நேரா எடுத்துப் படிங்க, பக்கம் அதிகமில்ல.

நம்ம கரைக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்ல. உச்சிப்புளியில கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவோட 21 தீவுப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமப் போக முடியாது. பாதுகாப்புக் காரணத்துக்காக எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கவும் விதியில இடம் இருக்கு. சான்றிதழ் வாங்கிட்டா பாம்பன் பாலத்தைப் படம் எடுத்துடலாம்னு நினைச்சு வர்ற பசங்களைப் பார்க்கிறேன், மனசு பதறுது. நீங்க வேலை செய்யப் போற ஒவ்வொரு ஊரையும் வரைபடத்துல தொட்டுப் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

பாம்பன் ரோட்டர்:

வீட்டுத் தயாரிப்பு பத்தி நான் சொல்றேன். கம்ப்யூட்டர்ல டிரோன் ஓட்டிப் பழகுற சிமுலேட்டர் ஒண்ணு போடுங்க. கீபோர்டுல பழகாதீங்க, யூஎஸ்பி-யில மாட்டுற ரிமோட் வாங்கிப் பழகுங்க, விரலுக்கு அதுதான் பழக்கம் தரும். ஒரே இடத்துல நிப்பாட்டறது, சதுரம், எட்டு போடுறது, அதுக்கப்புறம் டிரோனோட மூக்கு உங்களைப் பார்த்து நிக்கிற மாதிரி வச்சு ஓட்டுறது. கடைசியில சொன்னதுலதான் பலரும் தடுமாறுவாங்க, ஏன்னா இடம் வலம் மாறிடும். ஜிபிஎஸ் உதவியை அணைச்சுட்டும் பழகுங்க. காத்து இழுக்கிறது அப்போதான் கைக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வுல வானிலை, பேட்டரி ரெண்டும் வரும். நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் காத்தைப் பத்திச் சொல்லித் தர வேணாம். அப்பாகிட்ட கேளுங்க, கச்சான் காத்து எப்போ ஏறும், வாடை எப்போ திரும்பும்னு சொல்லுவார். அதையே புத்தகத்து மொழியில, தென்மேற்குப் பருவக்காற்று, கடற்காற்று, நிலக்காற்றுன்னு எழுதிப் பழகினாப் போதும். பேட்டரியில லித்தியம் பாலிமர் செல் ஒண்ணு முழுசா 4.2 வோல்ட், பெயரளவு 3.7, சும்மா வைக்கிறப்போ 3.8 பக்கம். ஆறு செல் தொடரா இருந்தா முழுசா 25.2. இந்தக் கணக்கை நுனிவிரல்ல வச்சுக்குங்க. உப்பின பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீங்க.

கடற்கரையில பறக்கிறவங்களுக்கு வகுப்புல பெரிசாச் சொல்லித் தராத விஷயம் ஒண்ணு: கீழ பார்க்கிற சென்சார் தண்ணி மேல ஏமாறும். அலை அசையறதைத் தரை அசையறதா எடுத்துக்கிட்டு டிரோன் நகரும், தாழப் பறந்தா உயரத்தையும் தப்பாக் கணக்குப் போடும். படகுல இருந்து கிளப்பினா, "வீட்டுக்குத் திரும்பு" பட்டனை அழுத்தினதும் கிளம்பின இடத்துக்குத்தான் பொதுவா வரும், படகு அதுக்குள்ள நகர்ந்து போயிருக்கும். மணல்ல வச்சுத் தூக்காம ஒரு தார்ப்பாய் விரிங்க, மோட்டாருக்குள்ள மணல் போகாது. உப்புக் காத்துல ஓட்டிட்டு வந்தா ஈரத்துணியில துடைச்சுக் காய வைக்கணும்.

தேவிபட்டினம் தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஆப்பை அழிச்சுட்டேன். அக்கா சொன்ன கேள்வியெல்லாம் ரெண்டு இடத்துலயும் கேட்டேன். 35,000 சொன்னவர் எத்தனை டிரோன் இருக்குன்னு கேட்டதுக்கு "வந்து பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். இன்னொரு இடத்துல பயிற்றுநர் எண்ணிக்கை, பறக்கிற நிமிஷம் எல்லாத்தையும் மெயில்ல அனுப்பிட்டாங்க, பாடம் தமிழ்ல விளக்குவாங்களாம், வினாத்தாள்தான் இங்கிலீஷ். வரைபடத்துல ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் பார்த்துட்டேன், மாமா வயல் பச்சையில இருக்கு. ஸ்மால் பிரிவுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பாஸ்போர்ட் கட்டாயம்னு ஒருத்தர் சொல்றார். என்கிட்ட இல்ல. அதுக்கு முதல்ல அலையணுமா? சான்றிதழ் வந்ததும் உடனே மாமா வயல்ல பறக்கலாமா?

சாயல்குடி சர்வேயர்:

பாஸ்போர்ட் வேணாம். 2023 செப்டம்பர் திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. அரசு தந்த அடையாளச் சான்று, முகவரிச் சான்று போதும். ஆதார்ல உங்க பேரும் பத்தாவது மார்க்‌ஷீட்ல உள்ள பேரும் ஒரே எழுத்துல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இனிஷியல் முன்ன பின்ன இருந்தா வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே திருத்திடுங்க, நம்ம பக்கம் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கு.

சான்றிதழ் உங்களுக்கு. டிரோனுக்குத் தனியாப் பதிவு எண் வேணும், நானோ தவிர மத்ததுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேணும். வாங்கறப்போ, மாடலைச் சோதிச்சுத் தர்ற வகைச் சான்று இருக்கிற மாடலான்னு பாருங்க. முழு டிரோனா வெளிநாட்டிலிருந்து இறக்குமதி பண்றதை 2022 பிப்ரவரியில தடை பண்ணிட்டாங்க, அதனால பர்மா பஜார்ல விலை குறைவாக் கிடைக்குதுன்னு போயிடாதீங்க.

திருவாடானை அக்கா:

முதல் பருவம் சொந்தமா டிரோன் வாங்காதே தம்பி. சான்றிதழ் வந்ததும் வாடகைக்கு ஓட்டுற ஒருத்தர் கூடப் போய் நில்லு. மருந்து கலக்குறது, காத்துக்கு எதிரா நிக்காம இருக்கிறது, வரப்பு ஓரம் தென்னையும் கரண்ட் கம்பியும் எங்க இருக்குன்னு முதல்ல நடந்து பார்க்கிறது, அதெல்லாம் வயல்லதான் வரும். எங்க பக்கம் சம்பாவுக்கு அடிக்கிறப்போ சொல்றேன், வந்து பாரு.