உதவி தேவை: இரண்டு '2024' ஃபோல்டர்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன

கேள்வி – ரோஸ் ஹில், மொரீஷியஸ்

வணக்கம். எங்கள் கோயில் சங்கத்தின் மின்னஞ்சல் பெட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காவடி, நன்கொடை, தமிழ் வகுப்பு என்று ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 2023, 2024 என்று ஆண்டுவாரியாக. எல்லாவற்றையும் மரமாகக் காட்ட பைத்தானில் நிரல் எழுதினேன். ஐமேப் (மின்னஞ்சல் சர்வரோடு பேசும் முறை) லிஸ்ட் கட்டளை தரும் 'காவடி/2024' போன்ற ஃபோல்டர் பெயரை '/' குறியில் உடைத்து, ஒவ்வொரு துண்டையும், சாவியைக் கொடுத்தால் அதற்குரியதைத் தரும் அட்டவணையான டிக்‌ஷனரியில் போடுகிறேன்.

இப்போது காவடியின் 2024ஐத் திறந்தால் நன்கொடை ரசீதுகளும் வருகின்றன. தைப்பூசம் நெருங்குகிறது; பால்குடம் எடுப்பவர்கள் பெயர் கொடுத்த கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன. சர்வரிலேயே கலந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. போதாததற்குத் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் '&' குறியோடு கிறுக்கலாகத் தெரிகின்றன.

பதில் – டர்பன்

பயப்படாதீர்கள் தம்பி. லிஸ்ட் பெயர்களைக் கேட்டு வாங்குவதோடு சரி, சர்வரில் எதையும் மாற்றாது. கலந்தது உங்கள் டிக்‌ஷனரியில்தான். '2024' என்ற ஒரே சாவிக்கு ஒரே கணுதான் (மரத்தில் ஒரு கிளைப்புள்ளி) உருவாகும்; காவடியும் நன்கொடையும் அதையே பிள்ளையாக வைத்துக்கொள்கின்றன. ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இன்னார் மகன் என்று சேர்த்துச் சொல்வோம் இல்லையா? அதுபோல 'காவடி/2024' என்று முழுப் பாதையையும் சாவியாக வையுங்கள்.

'/' குறியை நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். சில சர்வர்களில் அது புள்ளி. லிஸ்ட் பதிலின் ஒவ்வொரு வரியிலும் பிரிப்புக்குறி எது என்று இருக்கும். அதை எடுத்து உடையுங்கள்.

பதில் – கத்ர் போர்ன்

அக்கா சொன்னதோடு இன்னொன்று. லிஸ்ட் பதிலில் பிள்ளை ஃபோல்டர் முதலில் வந்து தாய் ஃபோல்டர் பிறகு வரலாம். பாதையில் இல்லாத கணுவை வெறுமனே உருவாக்கி வைத்துவிட்டு, அதன் வரி வரும்போது நிரப்புங்கள். 'நோசெலக்ட்' என்ற குறியோடு வருவது திறக்க முடியாத ஃபோல்டர்; அதற்குள் கடிதம் தேடினால் பிழை வரும்.

தமிழ்க் கிறுக்கல் ஐமேப்புக்கென்றே திருத்திய யூடிஎஃப்-7, அதாவது பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துக் குறிகளால் எழுதும் குறியீடு. பைத்தானின் ஐமேப் நூலகமான ஐமேப்லிப் அதை மாற்றித் தராது. திரையில் காட்டும்போது மட்டும் தமிழாக்குங்கள். சாவியாக மூலப் பெயரே இருக்கட்டும், சர்வருக்கு அதைத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் குறியீட்டில் '/' வரவேண்டிய இடத்தில் காற்புள்ளி வரும், அதனால் உடைக்கும்போது தமிழ்ப் பெயர் நடுவில் பிளந்துபோகாது.

கேட்டவர்

முழுப் பாதையைச் சாவியாக்கியதும் இரண்டு 2024உம் பிரிந்துவிட்டன. கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன! ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. 'காவடி' என்பதைத் 'தைப்பூசம்' என்று மாற்றினால் உள்ளே இருப்பவையும் மாறுமா?

பதில் – டர்பன்

மாறும். ரீநேம் கட்டளை கொடுத்தால் சர்வர் பிள்ளைகளின் பாதையையும் சேர்த்தே மாற்றிவிடும். உங்கள் டிக்‌ஷனரியில் பழைய பாதைகள் அப்படியே நிற்கும். லிஸ்டை மறுபடி வாங்கி மரத்தைப் புதிதாகக் கட்டிவிடுங்கள்.